அசாசின்ஸ் கிரீட் ஒரிஜின்ஸ்: ‘நரி’ லூசியஸ் செப்டிமியஸ் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

‘அசாசின்ஸ் கிரீட் ஒரிஜின்ஸ்’ வீடியோ கேமை ஆடுகிறவர்களுக்குப் பாதி வழியில் ஒரு சந்தேகம் வரும். பொம்பேயின் தலையை வெட்டுகிறானே ஒரு ரோமானியன், அவன் நிஜமாகவே இருந்தவனா, கதை எழுதியவர்கள் இட்டுக்கட்டியவனா? இருந்தவன்தான்; பெயர் லூசியஸ் செப்டிமியஸ். அவனையும் அவன் கூட்டாளிகளையும் பற்றி வரும் கேள்விகளை இங்கே ஒரே இடத்தில் போட்டிருக்கிறேன். கதையின் கடைசிக் காட்சி வரை பேசியிருப்பதால், இன்னும் ஆடி முடிக்காதவர்கள் முடித்துவிட்டு வருவது நல்லது.

ஆடாதவர்களுக்காக: கதை என்ன?

யூபிசாஃப்ட் மாண்ட்ரியால் செய்த விளையாட்டு இது. 2017 அக்டோபர் 27 அன்று பிளேஸ்டேஷன் 4, எக்ஸ்பாக்ஸ் ஒன், விண்டோஸ் மூன்றுக்கும் வந்தது. பண்டைய எகிப்து என்றதும் பிரமிடு கட்டிக்கொண்டிருக்கும் காலம் என்று நினைத்து வாங்குகிறவர்கள் உண்டு. கதை தொடங்குவது கி.மு. 49இல். கிசாவின் பெரிய பிரமிடுக்கு அப்போதே ஏறக்குறைய 2,500 வயது. கிளியோபாட்ராவுக்கும் அது பழங்காலத்துச் சமாச்சாரம்தான்.

எகிப்தை அப்போது ஆண்டது மாசிடோனியாவிலிருந்து வந்த தாலமி குடும்பம். அக்கா கிளியோபாட்ராவுக்கும் தம்பி 13ஆம் தாலமிக்கும் அரியணைச் சண்டை. இதற்கு நடுவில் சீவா என்ற பாலைவனச் சோலையின் காவலன் பயெக். முகமூடி போட்ட சிலர் அவனையும் அவன் மகன் கெமுவையும் கோயில் நிலவறைக்குள் இழுத்துப் போய், அங்கிருக்கும் மர்மக் கதவைத் திறக்கச் சொல்கிறார்கள். நடக்கும் தள்ளுமுள்ளில் பயெக்கின் கையில் இருந்த கத்தியே மகன் மேல் இறங்கிவிடுகிறது. பிறகு பயெக்கும் அவன் மனைவியும் அந்த முகமூடிகளை ஒவ்வொன்றாகத் தேடிக் கொல்வதுதான் மொத்தக் கதையும்.

மனைவியின் பெயரை எப்படி எழுதுவது என்பது எனக்குப் பெரிய தொல்லை. ‘ஆயா’ என்று எழுதினால் பாட்டி ஆகிவிடுகிறாள், உச்சரிப்பை அப்படியே பிடித்து ‘ஐயா’ என்று எழுதினால் கதையே கெட்டது. இந்தப் பக்கம் முழுக்க ‘அயா’ என்று வைத்துக்கொள்வோம். இன்னொன்று: பொம்பேய் என்று இங்கே சொல்வது ரோமானியத் தளபதியை. எரிமலைச் சாம்பலில் புதைந்த ஊர் வேறு.

வில்லன்களுக்கு ஏன் விலங்குப் பெயர்கள்?

எல்லோரும் ‘தொல்லோர் சபை’ என்ற இரகசியக் கூட்டத்தின் ஆட்கள். நாரை, ஐபிஸ் பறவை, நீர்யானை, வண்டு, கழுதைப்புலி, பல்லி, முதலை, தேள், நரி, சிங்கம் என்று ஆளுக்கொரு மாற்றுப் பெயர். கேட்டால் சிறுவர் கதை மாதிரி இருக்கும். ஆனால் இவற்றில் பல, எகிப்தியரின் தெய்வ வடிவங்கள். ஐபிஸ் என்றால் எழுத்துக்கும் அறிவுக்கும் தெய்வமான தோத். நீர்யானை, பிரசவம் பார்க்கும் தாய்த் தெய்வம் தவெரெத். சாணி உருட்டும் வண்டு, காலையில் சூரியனை உருட்டிக்கொண்டு வரும் கெப்ரி. முதலை, ஃபையூம் பகுதியின் சோபெக்.

தமிழ் ஆட்டக்காரர்கள் தவறாகப் புரிந்துகொள்ளும் இடம் நரிதான். நமக்கு நரி என்றால் தந்திரம், திராட்சை, காக்காவிடம் வடை பறிப்பது. எகிப்தியருக்கு நரித்தலை என்றால் அனுபிஸ். இறந்தவர் உடலைப் பதப்படுத்தி, கட்டுப்போட்டு, கல்லறைக்குக் காவல் இருந்து, மறுமைத் தீர்ப்பில் தராசைப் பிடித்துப் பார்க்கும் தெய்வம். சுடுகாட்டில் இரவில் திரியும் விலங்கையே பிணத்துக்குக் காவலாக வைத்த புத்திசாலித்தனம் அது. அப்படிப்பட்ட பெயரை, ஒரு மனிதனின் உடலையும் தலையையும் தனித்தனியாக ஆக்கியவனுக்குக் கொடுத்திருக்கிறார்கள். எழுதியவர்கள் அறிந்துதான் செய்தார்கள் என்று நினைக்கிறேன். தமிழில் ‘குள்ளநரி’ என்று மொழிபெயர்த்தால் இந்த முரண் போய்விடும். எகிப்தில் திரியும் இந்த விலங்கு, மரபணுப்படி பார்த்தால் நரியைவிட ஓநாய்க்குத்தான் நெருக்கம் என்று 2015இல் தெரியவந்தது என்பது தனிக் கதை.

விளையாட்டில் செப்டிமியஸ் செய்வது என்ன?

எகிப்தில் தங்கிவிட்ட ரோமானியப் படையான கபினியானிகளின் தலைவனாக வருகிறான். சிறுவன் தாலமியின் பக்கம் நின்று, கிளியோபாட்ராவுக்குத் துணைக்கு வரக்கூடிய பொம்பேயைக் கொன்று தலையை எடுக்கிறான். நைல் போரில் பயெக்கிடம் தோற்று விழுகிறான். பயெக் கழுத்தை அறுக்கப் போகும் நேரத்தில் சீசர் தடுக்கிறார். தடுத்ததோடு விடாமல் அவனைத் தன் ஆலோசகனாகவே சேர்த்துக்கொள்கிறார். பயெக்கும் அயாவும் யாருக்காக ரத்தம் சிந்தினார்களோ அவர்களே கைகழுவிவிடும் இடம் இது. பிறகு அலெக்சாந்தரின் கல்லறை விவகாரத்தில் ‘சிங்கம்’ ஃப்ளேவியஸுடன் சேர்ந்து நிற்கிறான். கடைசியில் கி.மு. 44இல் ரோமில், சீசரைக் கொல்ல அயா போகிற வழியில் குறுக்கே நின்று, அவள் கையால் சாகிறான்.

எண்ணிப் பார்த்தால் மொத்தக் கதையில் அவன் திரையில் இருக்கும் நேரம் குறைவு. ஆனாலும் மனதில் ஒட்டிக்கொள்கிறான். சாக வேண்டிய இடத்தில் சாகாமல், அடுத்த முதலாளியிடம் வேலைக்குச் சேர்ந்துவிடுகிறவன் மேல் நமக்கு வரும் எரிச்சல் தனி ரகம்.

சரி, நிஜ செப்டிமியஸ் யார்?

சீசரே தன் உள்நாட்டுப் போர்க் குறிப்புகளில் அவன் பெயரை எழுதியிருக்கிறார்: லூசியஸ் செப்டிமியஸ், படைத் திரிபியூன், அதாவது ரோமானியப் படை அதிகாரி. கி.மு. 67இல் பொம்பேய் மத்தியதரைக் கடலின் கொள்ளையர்களை ஒழித்தபோது அவருக்குக் கீழே ஒரு படைப்பிரிவை நடத்தியவன். அதாவது பொம்பேயின் பழைய ஆள். அப்பியன் என்ற வரலாற்றாசிரியர் மட்டும் பெயரைச் செம்ப்ரோனியஸ் என்று எழுதிவைத்திருக்கிறார். மற்றவர்கள் செப்டிமியஸ் என்றே சொல்கிறார்கள்.

எகிப்துக்கு எப்படி வந்தான்? 12ஆம் தாலமியை அலெக்சாண்ட்ரியா மக்கள் விரட்டிவிட்டார்கள். கி.மு. 55இல் சிரியாவின் ரோமானிய ஆளுநர் கபினியஸ் படையோடு வந்து அவரைத் திரும்ப அரியணையில் உட்காரவைத்தார். மக்கள் மறுபடி கிளம்பிவிடக் கூடாதே என்று ஒரு படையை விட்டுப்போனார். அவர்கள்தான் கபினியானிகள். ஏழு வருடம் ஓடியது. இங்கேயே பெண் கட்டி, பிள்ளை பெற்று, ரோமானிய ஒழுங்கையெல்லாம் மறந்து அலெக்சாண்ட்ரியாவின் சொகுசுக்குப் பழகிவிட்டார்கள் என்று சீசர் எரிச்சலோடு எழுதுகிறார். விளையாட்டில் அவர்கள் இரும்புக் கட்டுப்பாடுள்ள கொடும்படை மாதிரி வருவார்கள். நிஜத்தில் வீட்டோடு மாப்பிள்ளை ஆகிப்போன சிப்பாய்கள்.

பொம்பேயை அவன் கொன்றது உண்மையில் எப்படி நடந்தது?

இதைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன். விளையாட்டின் எந்தக் காட்சியைவிடவும் இது பயங்கரமானது. பெரும்பாலான விவரங்கள் பண்டைய கிரேக்க எழுத்தாளர் ப்ளூட்டார்க் எழுதியவை.

கி.மு. 48 ஆகஸ்டில் கிரேக்கத்தின் பார்சலஸில் சீசரிடம் தோற்ற பொம்பேய், மனைவி கொர்னேலியாவோடு எகிப்துக்குக் கப்பலேறினார். 12ஆம் தாலமி நாடிழந்து நின்றபோது அவருக்கு ஆதரவாக இருந்தவர் அவர். அப்பாவுக்குச் செய்த உதவியை மகன் மறக்க மாட்டான் என்று கணக்குப் போட்டார். மகனுக்கு அப்போது பதின்மூன்று வயது இருக்கலாம். கிழக்கு எல்லையில் பெலூசியம் என்ற கடலோர ஊரில், அக்காவின் படையை எதிர்பார்த்து முகாமிட்டிருந்தான்.

பையனைச் சுற்றி மூன்று பேர்: காப்பாளராக இருந்த, விதைநீக்கப்பட்ட அரண்மனை அதிகாரி பொதினஸ், படைத் தளபதி அகில்லஸ், பேச்சுக்கலை வாத்தியார் தியோடோட்டஸ். பொம்பேயை வரவேற்பதா, திருப்பி அனுப்புவதா என்று ஆலோசனை. வாத்தியார்தான் தன் வித்தையைக் காட்டினார். வரவேற்றால் சீசர் எதிரியாவார், பொம்பேய் நம் தலைமேல் உட்காருவார். விரட்டினால் பொம்பேய்க்கும் கோபம், தப்பவிட்டதற்காகச் சீசருக்கும் கோபம். ஆகவே வரவழைத்துக் கொன்றுவிடுவோம். செத்தவன் கடிக்க மாட்டான் என்று சிரித்துக்கொண்டே முடித்தாராம்.

கரையிலிருந்து ஒரு சின்ன மீன்பிடிப் படகு போனது. அதில் அகில்லஸ், செப்டிமியஸ், சால்வியஸ் என்ற இன்னொரு ரோமானியன், சில ஏவலாட்கள். செப்டிமியஸ் எழுந்து நின்று லத்தீனில் ‘இம்பெராத்தோர்’ என்று பழைய தளபதிக்கு வணக்கம் சொன்னான். இங்கே ஆழமில்லை, பெரிய கப்பல் தரைதட்டும், படகில் ஏறுங்கள் என்று அகில்லஸ் கிரேக்கத்தில் அழைத்தான். கப்பலில் இருந்தவர்களுக்குச் சந்தேகம். ஒரு நாட்டின் படகா இது? பொம்பேய் கொர்னேலியாவை அணைத்து விடைபெற்றார். கொடுங்கோலன் வாசலுக்குப் போகிறவன் சுதந்திரமாகப் போனாலும் அடிமையே என்ற கிரேக்க நாடகாசிரியர் சோஃபோக்ளீஸின் அடிகளைச் சொல்லிவிட்டு இறங்கினார்.

கரை கொஞ்சம் தூரம். படகில் யாரும் வாய் திறக்கவில்லை. அந்த மௌனம் பொறுக்காமல் பொம்பேய் செப்டிமியஸைப் பார்த்து, நீ என்னோடு பழைய படையில் இருந்தவன்தானே என்று கேட்டார். அவன் தலையை மட்டும் ஆட்டினான். ஒரு வார்த்தை பேசவில்லை, முகத்தில் சிநேகமும் இல்லை. பொம்பேய் பையிலிருந்து ஒரு சுருளை எடுத்தார். சிறுவன் தாலமியிடம் பேசுவதற்காகக் கிரேக்கத்தில் எழுதிவைத்திருந்த பேச்சு. அதைப் படித்துப் பார்த்துக்கொண்டே வந்தார். நேர்காணலுக்குப் போகிறவன் பேருந்தில் குறிப்பைப் புரட்டுகிற மாதிரி.

கரை வந்ததும், தன் பணியாள் பிலிப்பின் கையைப் பிடித்து எழுந்தார். செப்டிமியஸ் பின்னால் இருந்து வாளைச் செருகினான். அப்புறம் சால்வியஸ், அப்புறம் அகில்லஸ். பொம்பேய் இரண்டு கையாலும் மேலாடையை இழுத்து முகத்தை மூடிக்கொண்டார். முனகல் தவிர சத்தமில்லை. கப்பலில் இருந்து கொர்னேலியா பார்த்துக்கொண்டிருந்தாள். அன்று செப்டம்பர் 28. அடுத்த நாள் அவருக்கு 58 வயது முடிந்திருக்கும்.

தலையை வெட்டியதும் செப்டிமியஸ்தானா?

ரோமானியக் கவிஞர் லூக்கன் அப்படித்தான் பாடியிருக்கிறார். உயிர் முழுதாகப் பிரிவதற்கு முன்பே முகத்துணியை விலக்கித் தலையை அறுத்தான் என்கிறார். தலையைச் சுமந்து போகும் ‘கௌரவம்’ அகில்லஸுக்கு. ரோமானியனான செப்டிமியஸுக்கு வெட்டுகிற கூலிவேலை மட்டும் என்று குத்திக்காட்டுகிறார். கவிதை என்பதால் அளவோடு நம்ப வேண்டும். விளையாட்டு பிடித்துக்கொண்டது இந்தப் பாதையைத்தான்.

அப்படியானால் சீசர் அவனைச் சேர்த்துக்கொண்டது?

கற்பனை. நடந்தது நேர் எதிர். சில நாள் கழித்து அலெக்சாண்ட்ரியா வந்த சீசருக்கு முன்னால் தியோடோட்டஸ் பொம்பேயின் தலையைப் பெருமையாக நீட்டினார். சீசர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். பொம்பேயின் முத்திரை மோதிரத்தை வாங்கிக்கொண்டு அழுதார். மோதிரத்தில் வாளேந்திய சிங்கம். பொம்பேய் ஒருகாலத்தில் சீசரின் மருமகன். மகள் ஜூலியாவைக் கட்டியவர். கண்ணீர் நிஜமா, அரசியலா என்பது அவரவர் கருத்து. எனக்கு இரண்டும் கலந்திருக்கும் என்று தோன்றுகிறது. மன்னித்துவிட்டேன் என்று சொல்லிக்காட்டும் வாய்ப்பையும் அல்லவா அந்த வாத்தியார் பறித்துவிட்டார்.

மற்றவர்கள் கதி என்ன?

பொதினஸ்: விளையாட்டில் ‘தேள்’. போர்க்களத்தில் யானைமேல் வந்து பயெக்கிடம் சாகிறான். அந்தச் சண்டையில் யானையின் காலடியில் நான் எத்தனை தடவை நசுங்கினேன் என்று கணக்கில்லை. நிஜத்தில் சீசர் அவரை அரண்மனைக்குள்ளேயே தீர்த்துக்கட்டினார். சீசரின் முடிதிருத்துபவர் மகா பயந்தாங்கொள்ளி. பயத்தினாலேயே எல்லா மூலையிலும் காதை வைத்துக் கேட்டுக்கொண்டிருப்பார். பொதினஸும் அகில்லஸும் சதி செய்வது அவர் காதில் விழுந்தது. ஒரு விருந்தோடு பொதினஸின் கதை முடிந்தது. யானையைவிட இது நல்ல காட்சி. ஏன் விட்டார்கள் என்று தெரியவில்லை.

அகில்லஸ் தப்பி ஓடிப் படையைத் திரட்டினான். கிளியோபாட்ராவின் தங்கை அர்சினோயியோடு மோதல் வந்து அவள் ஆட்களால் கொல்லப்பட்டான். 13ஆம் தாலமி கி.மு. 47 தொடக்கத்தில் போரில் தோற்றுத் தப்பும்போது நைலில் மூழ்கினான். விளையாட்டில் முதலை இழுத்துக்கொண்டு போகும். தியோடோட்டஸ் சில வருடம் ஆசியாவில் நாடோடியாக அலைந்து, ரோமானியரிடம் சிக்கி, சித்திரவதைப்பட்டுச் செத்தார்.

செப்டிமியஸ்? படகோடு அவன் சுவடு அறுந்துவிடுகிறது. தண்டனை பெற்றானா, மனைவி மக்களோடு அலெக்சாண்ட்ரியாவில் வயதாகிச் செத்தானா, எந்த ஆசிரியரும் எழுதவில்லை. வரலாற்றில் இப்படி ஒரு ஓட்டை இருந்தால் கதாசிரியனுக்கு விருந்து. அவனை ரோம் வரைக்கும் இழுத்துவந்து அயாவின் வாளுக்குக் கொடுத்தது அந்த ஓட்டையின் வழியாகத்தான்.

சபையின் தலைவன் ஃப்ளேவியஸ் அல்லவா பெரிய வில்லன்?

பதவியில் அவன்தான் பெரியவன். ‘சிங்கம்’ ஃப்ளேவியஸ் மெட்டெல்லஸ், கெமுவின் சாவுக்கு நேரடிக் காரணம். பயெக் அவனை சைரீன் என்ற நகரில் கொல்கிறான். வரலாற்றில் அப்படி ஒருவன் கிடையாது, முழுக்கக் கற்பனை. அதனால் எழுத்தாளர்களுக்குக் கை கட்டுப்படவில்லை. மந்திர உருண்டை, உலகை அடக்கும் ஆசை எல்லாம் சேர்த்தார்கள். சேர்க்கச் சேர்க்க ஆள் மெலிந்துபோனான். கையில் உருண்டையை வைத்துக்கொண்டு சிரிக்கும் வில்லனை நாம் எத்தனை பார்த்தாயிற்று. பழைய தளபதி முகம் பார்த்துக் கேட்கும்போது தலையை மட்டும் ஆட்டுகிறவனை எத்தனை பேர் பார்த்திருப்போம்?

என் புகாரும் இங்கேதான். படகுக் காட்சியை அப்படியே எடுத்து வைத்திருந்தால் செப்டிமியஸ் இந்தத் தொடரின் தலைசிறந்த வில்லன் ஆகியிருப்பான். விளையாட்டில் அவன் உரக்கப் பேசுகிறான், கேலி செய்கிறான். அவனுடைய பயங்கரம் அவன் பேசாததில் இருந்தது.

மனதை அதிகம் பாதிக்கும் கொலை எது?

எல்லோரும் சொல்வது ‘முதலை’தான். ஃபையூம் பகுதியின் அதிகாரி பெரெனிகே. தன் இரகசியக் கணக்கேடு வேண்டும் என்பதற்காக ஷாதியா என்ற சிறுமியைக் கட்டித் தண்ணீருக்குள் போட்டுக் கொன்றுவிடுகிறாள். ஷாதியாவோடு நாம் முன்பே பேசிப் பழகியிருப்போம். ஓடிப் பிடித்து விளையாடுகிற துறுதுறுப்பான பிள்ளை. அவளைத் தேடி நாமே முங்க வேண்டும். மற்ற நேரங்களில் முங்குவது புதையலுக்காக. விரலும் பழக்கத்தில் அந்தப் பொத்தானை அழுத்தும். கலங்கல் தண்ணீருக்குள் பச்சை வெளிச்சத்தில் அந்தச் சின்ன உடம்பு தெரிகிற நொடியில் நான் கன்ட்ரோலரைக் கீழே வைத்துவிட்டேன். கெமுவை இழந்த தகப்பன் இன்னொரு பிள்ளையைத் தூக்கிக்கொண்டு மேலே வருகிறான் என்பதைத் தனியே யாரும் வசனத்தில் சொல்ல வேண்டியதில்லை.

பெரெனிகே என்பது தாலமி குடும்பத்துப் பெண்களிடம் புழங்கிய பெயர். செங்கடல் துறைமுகமான பெரெனிகேக்கும் 2ஆம் தாலமியின் தாயின் பெயரைத்தான் வைத்தார்கள். தமிழ் பிராமி எழுத்துப் பொறித்த பானை ஓடு கிடைத்ததே, அதே துறைமுகம்.

வில்லன் செத்ததும் ஒரு இருட்டு வெளியில் பேசிக்கொள்கிறார்களே, அது என்ன?

தூவாத், எகிப்தியரின் மறுமை உலகம். அவர்கள் நம்பிக்கைப்படி, இறந்தவனின் இதயத்தை ஒரு தட்டிலும் மாத் என்ற நீதித் தெய்வத்தின் இறகை மறு தட்டிலும் வைத்து எடைபோடுவார்கள். 42 நீதிபதிகள் முன்னால் திருடவில்லை, பொய் சொல்லவில்லை என்று ஒவ்வொன்றாக மறுத்துச் சொல்ல வேண்டும். இதயம் கனத்தால் முதலைத் தலையும் சிங்க உடம்பும் நீர்யானைப் பின்புறமும் கொண்ட அம்மித் அதைத் தின்றுவிடும். அதற்குப் பிறகு அந்த ஆள் இல்லவே இல்லை, நரகம்கூடக் கிடையாது.

பயெக், தான் கொன்றவனின் ரத்தத்தில் இறகைத் தோய்த்து எடுப்பது இந்த நம்பிக்கையிலிருந்து வந்தது. முந்தைய பாகங்களிலும் இறகு வரும். இங்கேதான் அதற்கு ஒரு பிறந்த ஊர் கிடைத்தது.

பயெக்கின் விரல் எப்படிப் போனது?

‘நீர்யானை’ யூடோரஸை அலெக்சாண்ட்ரியாவின் குளியல் மண்டபத்தில் கொல்லும்போது. அயா கொடுத்த மறைவுக்கத்தி மணிக்கட்டில் கட்டியிருக்கும். மல்லுக்கட்டில் அதுவே மோதிர விரலைத் துண்டித்துவிடும். தொடரின் முதல் பாகத்தில் இருந்த விரலில்லாக் கொலையாளிகளுக்கு இங்கே காரணம் சொல்லிவிட்டார்கள்.

மெட்ஜாய் என்ற காவலர்கள் அப்போது இருந்தார்களா?

இல்லை. முதலில் நூபியப் பாலைவன மக்களைக் குறித்த பெயர் அது. பின்பு ‘புதிய அரசு’ எனப்படும் பண்டைய எகிப்தியக் காலகட்டத்தில் காவல்படைக்கு ஆகிவந்தது. கிளியோபாட்ரா பிறப்பதற்குப் பல நூற்றாண்டு முன்பே வழக்கொழிந்துவிட்டது. பயெக்கைக் ‘கடைசி மெட்ஜாய்’ என்று சொல்லி விளையாட்டு சமாளிக்கிறது. ஆனால் அவனைத் துரத்திவரும் ஃபிலாகிதாய் நிஜம். தாலமிகளின் போலீஸ் அவர்கள். எருதும் கோதுமையும் திருடுபோனதாக மக்கள் அவர்களிடம் கொடுத்த புகார் மனுக்கள் பாப்பிரஸ் தாள்களில் இன்றும் இருக்கின்றன.

கிளியோபாட்ரா கம்பளத்தில் சுருண்டு வருவது?

கம்பளம் பிற்காலத்துச் சேர்க்கை. படுக்கையைக் கட்டும் துணிமூட்டைக்குள் நீட்டிப் படுத்துக்கொள்ள, அப்போலோடோரஸ் என்ற சிசிலிக்காரர் தூக்கிவந்தார் என்பதே பழைய குறிப்பு. அந்த அப்போலோடோரஸ் விளையாட்டிலும் வருகிறார்.

சண்டை போடாமல் எகிப்தை மட்டும் பார்க்க முடியுமா?

முடியும். 2018 பிப்ரவரியில் ‘டிஸ்கவரி டூர்’ என்ற தனி முறை வந்தது. ரத்தம் கிடையாது, வில்லன் கிடையாது. மம்மியாக்கம், பிரமிடு, அலெக்சாண்ட்ரியா நூலகம் என்று 75 சுற்றுலாக்கள். பிள்ளைகளுக்குக் காட்டுவதானால் இதைக் காட்டுங்கள். மூல விளையாட்டு பெரியவர்களுக்கானது.

செப்டிமியஸை முன்னாடியே கொல்ல வழி இருக்கிறதா?

கிடையாது. எவ்வளவு லெவல் ஏற்றினாலும் சீசர் வந்து தடுத்தே தீருவார். ரோமில் அயாவாக ஆடும்போதுதான் அவன் நம் கையில் சிக்குவான். பாய்ந்து வரும்போது எதிர்த்து நிற்காமல் பக்கவாட்டில் விலகி, அவன் தடுமாறும் நேரத்தில் இரண்டு மூன்று வெட்டு. பேராசைப்பட்டு நாலாவது வெட்டுக்குப் போனால் வாங்கிக்கட்டிக்கொள்வீர்கள். அதன் பிறகு சீசர். நிஜத்தில் சீசர் குத்துப்பட்டது பொம்பேய் கட்டிய மன்றத்தில். பொம்பேயின் சிலையடியில் விழுந்தார் என்று எழுதிவைத்திருக்கிறார்கள்.

விளையாட்டில் சேர்த்திருக்கலாமே என்று தோன்றும் காட்சி?

ஒன்று உண்டு. கொன்றவர்கள் தலையை எடுத்துக்கொண்டு, உடலை ஆடையின்றிக் கரையில் எறிந்துவிட்டுப் போனார்கள். வேடிக்கை பார்த்த கூட்டம் கலையும் வரை பிலிப் பக்கத்திலேயே நின்றான். கடல் தண்ணீரில் உடலைக் கழுவி, தன் சட்டையில் சுற்றினான். எரிக்க விறகில்லை. தேடி அலைந்ததில் உளுத்துப்போன ஒரு மீன்பிடிப் படகின் பலகைகள் கிடைத்தன. அடுக்கிக்கொண்டிருக்கும்போது ஒரு கிழவர் வந்தார். ரோமானியர், இளவயதில் பொம்பேயின் முதல் போர்களில் சிப்பாயாக இருந்தவர். இந்தக் கடைசி மரியாதையை நீ ஒருவனே செய்ய வேண்டாம், எனக்கும் பங்கு கொடு என்று கேட்டு, பலகையை எடுத்துக் கொடுத்தார்.

ஒரே கரையில் பொம்பேயின் பழைய சிப்பாய்கள் இரண்டு பேர். செப்டிமியஸின் பெயர் இருபது நூற்றாண்டு தாண்டி ஒரு வீடியோ கேமுக்குள் வந்துவிட்டது. கிழவரின் பெயரை ப்ளூட்டார்க்கும் எழுதவில்லை.